முழுமரமா, ஒட்டுப்பலகையா?

அறுபது டொலர் யூகுலேலேயில ஒரு வருசம் பழகியாச்சு. இப்ப 250, 300 டொலருக்கு ஒண்டு பாக்கிறீங்கள். எல்லாரும் "முழுமரம் வாங்கு" எண்டுதான் சொல்லுவினம். சத்தம் நல்லம், மறுக்கேல்லை. ஆனா சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில இருக்கிற ஆக்களுக்கு நான் ஒட்டுப்பலகையைத்தான் சொல்லுவன்.

காரணம் எங்கட அம்மாவின்ர வீணை. பலாமரத்தில செய்தது. இங்க வந்த முதல் குளிர்காலம், ஹீட்டருக்குப் பக்கத்தில சாய்ச்சு வைச்சிருந்தவ. ஒருநாள் இரவு படாரெண்டு சத்தம். குடத்தில வெடிப்பு. அதுக்குப் பிறகு அம்மா வீணையைத் தொடேல்லை.

வெளியில மைனஸ் 20 எண்டால் காத்தில ஈரம் மிச்சம் குறைவு. அதை வீட்டுக்குள்ள சூடாக்கினால் இன்னும் வறண்டுபோகும், மரம் சுருங்கும். ஒட்டுப்பலகையில அடுக்குகள் ஒண்டுக்கொண்டு குறுக்கா ஒட்டியிருக்கிறதால அந்தளவு அசையாது. ஆடி மாதம் கால்வாய்க் கரைக்குக் கொண்டுபோகலாம், தை மாதம் கட்டிலுக்குக் கீழ போட்டிட்டு மறக்கலாம். (நான் மறக்கிற ஆள்.)

நீங்கள் பெட்டிக்குள்ள ஈரப்பதமூட்டி வைச்சு, அளவு 45–55 சதவீதத்தில நிக்குதோ எண்டு பாக்கிற ஆளெண்டால், மேல்பலகை மட்டும் முழுமரமான ஒண்டை எடுங்கோ. அளவு உங்கட கைக்கு ஏத்த மாதிரி: கொன்சேர்ட்டில தந்தி நீளம் கிட்டத்தட்ட 15 அங்குலம், டெனரில 17.

ஒட்டுப்பலகை எடுத்தால் மிஞ்சுற காசுக்கு நல்ல தந்தி போட்டு, கடையில தந்தி உயரத்தையும் சரிபாக்கச் சொல்லுங்கோ. முதல் கட்டையில விரல் நோகாமல் அழுத்த ஏலுமெண்டால் அதை வாங்கலாம்.