எழுத்துப் பாறை யாருடையது?

ஒரகடம் என்றால் நமக்கு ஞாபகம் வருவது கார். 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறந்த பிறகு அந்த ஊரின் அடையாளமே அதுதான். பக்கத்தில் இருக்கும் வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. 'பார்த்தீங்களா, நம்ம மண் எவ்வளவு பழசு!' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

இதே வட்டாரத்தில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் உழைக்கும் இருளர்களை மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாதிச் சான்றிதழுக்கே நடையாய் நடக்கிற ஜனங்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடி, மணலையே கோயிலாக்கிக் கன்னியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். பழைய கல் என்றால் பெருமைப்படுகிறோம். பழங்குடி என்றால் மட்டும் பாராமுகம்.

நீலகிரியிலும் இதே கதைதான். கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில், தமிழ்நாட்டின் மிகப் பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களும் இருளர்கள். வெள்ளரிக்கொம்பையில் எழுத்துப் பாறை. அங்குள்ள குறும்பர்களுக்கு அது முன்னோர் கை வைத்த இடம். வேங்கை மரப் பிசினிலும் இலைச் சாற்றிலும் இன்றும் அதே மரபில் வரைகிறார்கள். நமக்கு அது 'டிரெக்கிங் ஸ்பாட்'! கரிக்கையூர் ஓவியங்களின் மேல் கிறுக்கியதும் சுரண்டியதும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.

உடனே நாம் என்ன சொல்வோம்? 'வேலி போடு. யாரையும் உள்ளே விடாதே.' கெடுத்தவன் வெளியூர்க்காரன். கதவடைப்பு மட்டும் உள்ளூர்க்காரனுக்குமா? பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்று தொல்லியல் சட்டம் டேப் வைத்து அளக்கிறது. அளக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பாறையைக் கும்பிடுகிறவன் யார் என்று அந்த டேப் கேட்பதில்லை.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2020 மே மாதம் ரியோ டின்டோ கம்பெனி இரும்புத் தாதுக்காக ஜூகான் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டு பழமையான பாறைக் குகைகளை வெடி வைத்துத் தகர்த்தது. பூர்வகுடிகள் 'எங்கள் புனித இடம், விட்டுவிடுங்கள்' என்று கெஞ்சியும் கேட்கவில்லை. திருட்டுத்தனமாக அல்ல; அரசு அனுமதியோடு, சட்டப்படி! பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், தலைமை அதிகாரி பதவி விலகினார். குகை திரும்பி வரவில்லை.

நம்மிடம் 2006-ன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. சாமி மரம், சாமித் தோப்பு, இடுகாடு ஆகியவற்றைச் சமூக உரிமைக்கான சாட்சியமாக அதன் விதிகள் ஏற்கின்றன. சாமிப் பாறையை அந்த வரிசையில் சேர்க்க என்ன தயக்கம்? ஓவியப் பாறைக்கு யார் போகலாம், எப்போது போகலாம் என்பதை அந்த ஊர் கிராம சபை சொல்லட்டும். காவலர் வேலையை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கொடுங்கள், மாதச் சம்பளத்தோடு.

வடக்குப்பட்டுக் கல்லைச் செதுக்கியவன் யாரென்று நமக்குத் தெரியாது, அவனைக் கேட்க வழியில்லை. எழுத்துப் பாறை அப்படியல்ல. கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். முதலில் கேளுங்கள் சார்!