வீட்டு விஞ்ஞானம்: காவலி சும்மா இருக்கிறதா?

குளிர்காலம் தொடங்கினால் ஸ்ட்ரெதம் பக்கம் புதிதாகக் குடிவந்த குடும்பங்களிடம் ஒரு முறைப்பாடு கேட்கும். "கதவுப்பிடியைத் தொட்டால் கறண்ட் அடிக்கிறது" என்பார்கள். ஊரில் அறியாத இந்த அடி இங்கு ஏன் வருகிறது? ஆபத்தானதா? இம்முறை இதைப் பார்ப்போம்.

கடத்தி, காவலி என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். செம்பு மின்னைக் கடத்தும். இறப்பர், கண்ணாடி, பிளாஸ்ரிக் கடத்தா. ஆகவே காவலி மின்னோடு தொடர்பில்லாமல் சும்மா இருக்கிறது என்று எண்ணுகிறோம். அப்படியல்ல.

பிளாஸ்ரிக் சீப்பால் உலர்ந்த தலைமயிரை வாரிவிட்டு, சிறு கடதாசித் துண்டுகளுக்குக் கிட்டப் பிடியுங்கள். துண்டுகள் பாய்ந்து ஒட்டும். கடதாசிக்கு நாம் மின்னேற்றவில்லை. சீப்பின் மின்புலத்தில் கடதாசியின் இலத்திரன்கள் இடம்விட்டு ஓடாமல், நின்ற இடத்திலேயே சற்று ஒரு பக்கம் சாய்கின்றன. எதிரான ஏற்றம் சீப்புக்குக் கிட்டவும் ஒத்த ஏற்றம் தள்ளியும் அமைவதால் கவர்ச்சி மேலோங்குகிறது. இதுவே முனைவாக்கம்.

காவலியின் இந்தக் குணத்தை அளந்து காட்டிய மைக்கல் பரடே, தென் லண்டனில் நமக்கு அயலவர். இன்றைய எலிபன்ற் அன்ட் காசில் பகுதியில், நியூவிங்ரன் பட்ஸில், 1791 இல் பிறந்தார். கொல்லரின் மகன். பள்ளிப்படிப்பு குறைவு, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். ஒன்றினுள் ஒன்றாக வைத்த இரு உலோகக் கோளங்களுக்கு இடையில் காற்றுக்குப் பதிலாக அரக்கு, கந்தகம் போன்றவற்றை வைத்தால் அதிக மின்னேற்றம் தேங்குகிறது என்று 1837 இல் கண்டார். மின்விசிறியிலும் வானொலியிலும் உள்ள கொள்ளளவி இந்த விதியில்தான் இயங்குகிறது.

முனைவாக்கம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். பொலித்தீனுக்கு அந்த அளவு இரண்டேகால். தண்ணீருக்கு ஏறத்தாழ 80. தண்ணீர் மூலக்கூறுக்கு இயல்பாகவே இரு முனைகள் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் மின்புலம் விநாடிக்கு 245 கோடி தடவை அலைகிறது. அதோடு திரும்ப முயன்று முட்டிமோதும் தண்ணீர் மூலக்கூறுகளால் கறி சூடாகிறது. பிளாஸ்ரிக் கிண்ணம் பெரும்பாலும் கறியின் சூட்டைத்தான் வாங்குகிறது.

இனிக் கதவுப்பிடிக்கு வருவோம். ஹீற்றர் போட்ட அறையில் காற்று வரண்டிருக்கும். நைலோன் கார்ப்பெட்டில் நடக்கும்போது உடலில் ஏற்றம் சேரும். ஊரின் ஈரக்காற்றில் அது தானாகக் கசிந்துவிடும். இங்கு தேங்கி நிற்கும். காற்றும் ஒரு காவலிதான். ஆனால் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3000 வோல்ற் வரைதான் தாங்கும். அதற்கு மேல் பொறி பாயும். வோல்ற் பெரிது, ஏற்றம் மிகச் சிறிது. ஒருமுறை சுள்ளென்று அடித்து ஓய்ந்துவிடும். இதற்கு அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. குக்கர், வோஷிங் மெசின், தண்ணீர்க்குழாய் ஆகியவற்றைத் தொடுகையில் விறுவிறுப்பு விடாமல் இருந்தாலோ, தொடும்போதெல்லாம் வந்தாலோ, அது 230 வோல்ற் கசிவாக இருக்கலாம். வயரின் உறை வெடித்தோ நனைந்தோ இருந்தால் அது காவலியே அல்ல. மீண்டும் தொட்டுப் பார்க்காதீர்கள். மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்காரருக்கு உடனே அறிவியுங்கள். குளிருக்குத்தான் அடிக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளின் மின்னிணைப்பைக் குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அறிக்கையின் பிரதி, குடியேறுமுன் உங்கள் கைக்கு வரவேண்டும். மொழி தெரியவில்லை, வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்கள் என்ற தயக்கத்தில் நம்மில் பலர் கேட்பதில்லை. கேளுங்கள். பிள்ளைகள் உறங்கும் வீடு அது.