சீசன் எப்படிடே இருக்கு?

ஆனி பிறந்தால் போதும், தென்காசிக்காரன் போனைக் கீழே வைக்க முடியாது. மற்ற நாளில் இருக்கியா செத்தியா என்று கேட்காத சொந்தமெல்லாம் கூப்பிட்டு, “சீசன் எப்படிடே இருக்கு?” என்கிறது. என்னத்தைச் சொல்ல!

எங்களுக்குச் சீசன் என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே ஜிலுஜிலுவென்று இறங்க வேண்டும். வெயில் அடிக்கும்போதே சாரல் தூவ வேண்டும். சட்டை நனைந்தது தெரிவதற்குள் காய்ந்துவிட வேண்டும். அதோடு குற்றால அருவியில் அளவான தண்ணீரும் விழுந்தால்தான் சீசன். ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள் அது எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

கேட்கிறவர்களுக்கு இவ்வளவு பொறுமை ஏது? “தண்ணி விழுதா, இல்லையா?” விழுது மாமா, மெயின் அருவியில ஆர்ச்சைத் தாண்டி விழுது. “அப்போ சீசன் சூப்பர்!” என்று வேன் பிடித்து வந்தால், போலீஸ் வழிமறித்து நிற்கும். அந்தப் பாதுகாப்பு ஆர்ச்சைத் தண்ணீர் தாண்டினால் குளிக்கத் தடை என்பதையும் சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் மாமா போனை வைத்துவிட்டார். கோபம் மட்டும் என் மேல்.

லாட்ஜில் சீசன் என்றால் வாடகை. ஆட்டோவில் “சீசன் டைம்லா அண்ணாச்சி” என்றால் பேரமே கிடையாது. கார்த்திகையில் ஐயப்பசாமிகள் வந்தால் அதுவும் சீசன். கோடை மழையில் அருவி கொட்டினால் அதையும் சீசன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதே, அது கோடை மழைத் தண்ணீர். சாரல் தண்ணீருக்கு முன்னால் நிற்கிற தைரியத்தில் அதன் முன்னால் நிற்க முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். அன்றைக்கு அடித்த மாதிரி சாரல் இந்த வருஷம் அடிக்கவில்லை. வாசலில் நின்றாலே உடம்பு சிலிர்த்தது. ஐந்தருவியில்தான் தண்ணீர் கொஞ்சம் குறைவு. போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், “சீசன் டல்லா இருக்கே அத்தான்” என்று முகத்தைச் சுளித்தான். பிறகு, சாரல் உள்ளே அடிக்கிறது என்று சன்னலைச் சாத்திவிட்டு, “பார்டர் பரோட்டாவுக்காவது போவோமா?” என்றான்.