மட்டக்களப்புப் பறங்கியரின் வம்சத்தடம் எந்த ஏட்டில்?

போர்த்துக்கீச, ஒல்லாந்த வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியக் குடும்பங்கள் பலவற்றில் பூட்டன் பெயரோடு நினைவு நின்றுவிடுகிறது. 2004 சுனாமியில் கடலோரத்து டச்பார் வீடுகளோடு தகரப்பெட்டிச் சான்றிதழ்களும் போயின. அதனால் எல்லாமே அழிந்துவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை. எந்தக் காலத்து ஏடு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் பாதித் தேடல் முடிந்தது.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவை அரசு தொடங்கியது 1867இல். அது கட்டாயமானது 1897இல்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் ஒருவர் பெயர் இல்லையென்றால், அவர் அங்கே பிறக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். எனவே அதற்கு முன் கல்முனையில் பிறந்தவருக்கும் மாவட்டம் மட்டக்களப்பு என்றே எழுதப்பட்டிருக்கும்.

அரசுப் பதிவுக்கு முந்திய காலத்துக்குக் கிறிஸ்தவக் கோயில் ஏடுகளே துணை. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கு வந்தார். கத்தோலிக்கப் பங்குகள் அதற்கும் பழையவை. ஒரு ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பாதீர்கள். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெரும்பாலும் நெருங்கிய உறவினர். தாயின் பிறந்த வீட்டுக்கு வழி பலமுறை அவர்கள் பெயரில்தான் கிடைக்கும். குடும்பப்பெயரின் எழுத்து ஏட்டுக்கு ஏடு மாறும்; ஒலியைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

ஒல்லாந்தர் காலம் இன்னும் கவனம் கேட்பது. கத்தோலிக்கத்தைத் தடைசெய்த அவர்கள், திருமணத்தையும் வாரிசுரிமையையும் தங்கள் சீர்திருத்தச் சபையின் பதிவோடு கட்டிவைத்தார்கள். ஆகவே அந்தச் சபை ஏட்டில் உங்கள் முன்னோர் பெயர் இருப்பதாலேயே அவர்கள் மதம் மாறினார்கள் என்றாகாது. நிலத்தையும் குடும்பத்தையும் பதிந்த ஒல்லாந்தரின் தோம்பு ஏடுகள் பெரும்பாலும் கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பகுதிகளுக்கு உரியவை. ஆகவே மட்டக்களப்புக்கு ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் மற்ற ஆவணங்களைப் பார்க்க வேண்டும்; அவை கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், நெதர்லாந்தில் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. யுனெஸ்கோ 2003இல் இவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. ஆட்சி மாறும்போது ஏடு ஊரோடு இருப்பதில்லை.

காப்பக ஆவணங்களைவிடப் பங்கு ஏடுகள்தான் எனக்குக் கவலை. நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கிவருகிறது. அதே அக்கறையோடு மறைமாவட்டமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வாவிக்கரைக் கோயில்களின் பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்க வேண்டும். உப்புக்காற்றில் தாள் நொறுங்குவதற்குள் இது நடக்கவேண்டும்.