வளர்ந்தோருக்கான ஓட்டிச நிர்ணயம் மாத்தளையிலேயே கிடைக்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

பல்லேபொலப் பிரதேசத்தில் தமிழ் பேசும் குடும்பங்களோடு வேலை செய்கிற சிறிய அமைப்பு எங்களுடையது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினோம். இப்போது பிள்ளையைக் கூட்டி வருகிற தாய்மாரும் தகப்பன்மாரும் தங்களுக்காகவும் கேட்கிறார்கள். மகனைப் பற்றி வைத்தியர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில், சின்ன வயதில் நாமும் அப்படித்தானே இருந்தோம் என்று பலருக்கு உறைத்திருக்கிறது. நாற்பது வயதில் அந்தச் சந்தேகத்தை யாரிடம் கொண்டுபோவது? போகும் இடத்தைச் சொல்கிற ஒரு துண்டுக் காகிதம்கூட இதுவரை எங்கள் கண்ணில் படவில்லை.

எங்கள் நிலைப்பாடு இதுதான்: வளர்ந்த ஒருவருக்கு ஓட்டிசம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநல கிளினிக் செய்யவேண்டிய வேலை. அது கட்டணமின்றி, விரும்புவோருக்குத் தமிழில் நடக்க வேண்டும். முடிவு எதுவானாலும் எழுத்தில் கையில் கிடைக்க வேண்டும். இதற்குப் புதிய நிலையமோ கட்டடமோ நாங்கள் கேட்கவில்லை.

இத்தனை பேர் எப்படித் தவறிப்போனார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கையேட்டில் ஓட்டிசம் தனி நிலையாக இடம்பெற்றதே 1980இல்தான். நன்றாகக் கதைக்கிற, படிக்கிற ஒருவருக்கும் அது இருக்கலாம் என்பதை லண்டன் மனநல வைத்தியர் லோர்னா விங் 1981இல் எழுதிய பிறகே உலகம் மெல்ல ஏற்றது. அந்த வருடங்களில் இங்கே பாடசாலைக்குப் போன பிள்ளையை ஆசிரியர் எப்படி அடையாளங் கண்டிருப்பார்? ‘ஒரு மாதிரி’, ‘தலைக்கனம்’, ‘யாரோடும் ஒட்டாது’ என்று ஊர் பெயர் வைத்தது, அத்தோடு விட்டது. பெண்பிள்ளை என்றால் ‘அடக்கமான பிள்ளை’ என்ற பாராட்டும் சேர்ந்துகொண்டது. பிறகு நித்திரையின்மைக்கும் பதற்றத்துக்கும் வருடக்கணக்காகக் குளிசை எடுத்தவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள். குளிசை தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் தேடிப் பார்க்கவில்லை.

இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய் வளர்ந்தவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளியானது. ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகவும், அவர்கள் பெரும்பாலும் அடையாளங் காணப்படாமலே வாழ்வதாகவும் அது சொன்னது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தில் 4 லட்சத்து 84 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதே விகிதத்தை இங்கே போட்டால் எல்லா வயதிலும் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல் வரும். இது கணக்கு மட்டுமே. மாவட்டத்தில் எண்ணிப் பார்த்தது அல்ல.

அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்கக் காசில்லை. அப்படியிருக்க செலவு எங்கிருந்து வருகிறது? பல்லேபொலவிலிருந்து மாத்தளைக்கு ஒரு பஸ், அங்கே பார்க்காவிட்டால் கண்டிக்கு இன்னொன்று. கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும், துணைக்கு வருபவருக்கும் போகும். ‘இது பிள்ளைகளுக்கு வருவது, உங்களுக்கு இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டால் கடைசியில் தனியார் வைத்தியசாலையில் சேனல் பண்ணுகிறார்கள். ஒரு தடவையில் முடியாத விஷயத்துக்கு ஒவ்வொரு தடவையும் கட்டணம். உளவியலாளரின் அறிக்கைக்குத் தனிக் கட்டணம். இலவசமாகக் கிடைக்கவேண்டியது, வழி தெரியாத காரணத்தால் மட்டும், கடன் வாங்கிச் செய்கிற காரியமாகிவிடுகிறது.

இன்னொரு தவறான எண்ணமும் செலவைக் கூட்டுகிறது. ஏடோஸ் போன்ற, வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வாங்கிப் பயிற்சியும் எடுக்கவேண்டிய சோதனை இல்லாமல் நிர்ணயமே செய்ய முடியாது என்கிறார்கள். அது சரியல்ல. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் வளர்ந்தோருக்காக 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, அத்தகைய கருவிகளைச் சிக்கலான நிலைமைகளில் பயன்படுத்தலாம் என்றுதான் சொல்கிறது. அது முதலிடம் தருவது பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து கேட்கும் முழு வரலாற்றுக்கு. முடிந்தால் சின்ன வயதை அறிந்த ஒருவரின் பேச்சும், பாடசாலை அறிக்கை போன்ற பழைய எழுத்தும் வேண்டும். மாத்தளை கிளினிக்கில் இல்லாதது பெட்டி அல்ல, நேரம். ஒரே காலையில் நிரை நிறைந்து நோயாளர் காத்திருக்க, ஒருவருக்கு ஒரு மணித்தியாலம் கொடு என்று வைத்தியரிடம் கேட்பது நியாயமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கும்படி கேட்கிறோம்.

கேள்வித்தாள் விஷயத்தில் நாங்கள் பிடிவாதமாகவே இருக்கிறோம். கேம்பிரிட்ஜில் 2001இல் வெளியான பிரபலமான கேள்வித்தாள் ஒன்று, விருந்துக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போக விருப்பமா, அருங்காட்சியகத்தைவிட நாடக அரங்கு பிடிக்குமா என்றெல்லாம் கேட்கிறது. பல்லேபொலவில் மிளகும் மரக்கறியும் பயிரிடுகிறவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? கலியாண வீட்டில் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது, தம்புள்ளை மரக்கறிச் சந்தையின் இரைச்சல் என்ன செய்கிறது, பஸ் வழமையான நேரத்துக்கு வராவிட்டால் அன்றைய நாள் என்னாகிறது என்று கேட்டால் அரைமணி நேரம் கதைப்பார். பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பாடத்தை நம் நாடு ஏற்கெனவே படித்துவிட்டது. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவின் குழு 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதைக் கண்டது. வெளிநாட்டுக் கேள்வித்தாளை மொழிபெயர்த்துக் கேட்டபோது ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் தவறிப்போனதையும் அது காட்டியது. அதே வழியில் போய் 2017இல் படங்களைக் காட்டிக் கேட்கும் உள்ளூர்க் கருவி ஒன்றை அவர்கள் அறிமுகம் செய்தார்கள். வளர்ந்தோருக்கும் அப்படியொன்றைச் சிங்களத்திலும் தமிழிலும் நம் பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டும்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் தாயின் சின்ன வயதுக் கதையை வைத்தியருக்கு மகள் சிங்களத்தில் எடுத்துச் சொல்லவேண்டி வருகிறது. பிள்ளைக்கு முன்னால் தாய் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள்? உரைபெயர்ப்பாளர் ஒருவரை வைத்தியசாலையே தரவேண்டும்.

காகிதம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். அரச வேலைவாய்ப்பில் மூன்று சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் 27/88 சுற்றறிக்கை 1988 முதல் இருக்கிறது. அவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. கையில் எழுத்தில்லாதவருக்கு இரண்டும் இல்லாததற்குச் சமம். ஆனால் இந்தியாவில்போல நாற்பது சதவீத இயலாமை இருந்தால்தான் உரிமை என்ற கோட்டை இங்கே கொண்டுவர வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே உள்ளுக்குள் நொறுங்குகிறவர் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார். நிர்ணயம் வேறு, உதவித்தொகைக்கான அளவீடு வேறு.

கலியாணப் பேச்சுக் கெட்டுவிடும் என்ற பயத்தையும் நாங்கள் லேசாக எடுக்கவில்லை. கிளினிக் கொப்பியில் எழுதியது கிராம உத்தியோகத்தர் வழியாக ஊருக்குத் தெரியக்கூடாது. யாரையும் வற்புறுத்திப் பரிசோதனைக்கு அனுப்புவதை எதிர்க்கிறோம். வீடியோ அழைப்பில் இருபது நிமிடம் பேசிச் சான்றிதழ் விற்பவர்களையும், ஓட்டிசத்தைக் குணமாக்குவதாகச் சொல்லி எண்ணெயும் மருந்தும் விற்பவர்களையும் எதிர்க்கிறோம். காசில்லாமலோ பயத்திலோ பரிசோதனைக்குப் போகாதவர், தனக்கு ஓட்டிசம் என்று நம்பினால், எங்கள் கூட்டங்களுக்குக் காகிதமின்றி வரலாம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. அதன் 25ஆம் உறுப்புரை, சுகாதார சேவை கிராமப்புறம் உட்பட மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றளவு அருகில் இருக்கவேண்டும் என்கிறது. பல்லேபொலவுக்கு அருகில் என்றால் அது மாத்தளை. வளர்ந்தோரையும் ஏற்குமாறு மனநல கிளினிக்குகளுக்கு எழுத்தில் அறிவிக்கும்படி சுகாதார அமைச்சையும் மத்திய மாகாண சுகாதாரத் திணைக்களத்தையும் கேட்கிறோம்.

அதுவரை, சந்தேகத்தோடு இருப்பவர்களுக்கு: பழைய தேர்ச்சி அறிக்கைகளையும் விடுகைப் பத்திரத்தையும் எறிந்துவிடாதீர்கள். உங்கள் சின்ன வயதை அறிந்த அம்மா, உம்மா, பெரியம்மா யாராவது சொல்வதை இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அதையும் கொண்டுபோங்கள்.