அனுபவம் மட்டும் போதுமா?

'நாற்பது வயதில் பட்டம் எதற்கு? அனுபவமே போதும்' என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டம் கையில் இருப்பவர்கள்தான் இதைச் சுலபமாகச் சொல்கிறார்கள்.

நடைமுறையைப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குரூப் 2-க்குப் பட்டம் வேண்டும். இருபது வருடம் கோப்பு பார்த்த அனுபவம் அந்த இடத்தை நிரப்பாது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா துணிக்கடையில் வேலை பார்க்கிறார். கடைக் கணக்கு அவருக்கு அத்துப்படி. ஆனால் கணக்காளர் வேலை காலியானபோது, போன வருடம் பி.காம். முடித்த பையனுக்குத்தான் கொடுத்தார்கள். இப்போது இரவு பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, மகளின் பென்சிலால் பி.காம். பாடத்தில் அடிக்கோடு போடுகிறார். அவரிடம் போய் 'எதற்கு?' என்று கேட்பீர்களா?

இப்படி வேலைக்கு நடுவே படிக்கும் தொலைநிலைப் பட்டத்துக்கு மதிப்பில்லை என்பதும் தவறு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் தெளிவுபடுத்திவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஏதோ ஒரு பட்டம் போதாது. பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய பட்டத்தைத் தமிழக அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. அதனால் எந்தப் பதவிக்கு எந்தப் படிப்பு என்று விசாரித்துச் சேர வேண்டும். இந்த விவரத்தைச் சொல்லுங்கள், அது உதவி. படிக்க வருபவரின் வயதைச் சொல்லித் திருப்பி அனுப்புவது அநியாயம்.

அனுபவம் வேலையைக் கற்றுத்தரும். அந்த வேலைக்கான கதவைத் திறப்பது இன்னும் பட்டம்தான்.