மேட்டுப்பாத்தியில் யாருக்கு முதலிடம்?

மேட்டுப்பாத்தி அமைப்பதில் நம் தோட்டக்கலை அன்பர்கள் காட்டும் சிரத்தையில் பாதியளவாவது அதில் எதைப் பயிரிடுவது என்ற விஷயத்திலும் காட்டுவார்களானால், ஐப்பசி மழை தொடங்கியதும் நம்மை நாடி வரும் வினாக்களில் பெரும்பகுதி எழுவதற்கே இடமிராது.

மண்ணும் மக்கிய எருவும் சுமந்து கொட்டி, இருபுறமிருந்தும் கை எட்டும்படி நாலடி அகலத்தில் ஓரடி உயரத்துக்கு எழுப்பிய இடம் அருமையானது. ஆகையால், தரையில் நீர் தேங்கினால் முதலில் மடியக்கூடிய மிளகாய், தக்காளி, சின்ன வெங்காயம் ஆகியவற்றுக்கே அதில் முன்னுரிமை என்பது நமது திடமான அபிப்பிராயம். அடுத்த ஸ்தானம் முள்ளங்கி, காரட், பீட்ரூட் ஆகியவற்றுக்கு. கட்டிதட்டிய மண்ணில், மக்காத எருவின் நடுவே வளர்ந்த முள்ளங்கியைப் பிடுங்கிப் பார்த்தால் கவட்டையாகப் பிளந்து கோணியிருக்கும். பொலபொலவென்ற மேட்டு மண்ணில் வளர்ந்ததோ நேராக இறங்கித் திரண்டு, நாற்பத்தைந்து நாளில் ஒரே இழுப்பில் கையோடு வரும்.

பூசணிக்கும் சுரைக்கும் தரையில் எடுத்த குழியே போதும். எட்டு ஒன்பது மாதம் இடத்தை அடைத்துக்கொள்ளும் மரவள்ளியையும் சேனையையும் மேட்டில் ஏற்றுவது, அந்தக் காலத்துக்குள் பன்முறை அறுத்திருக்கக்கூடிய சிறுகீரையை இழப்பதாகும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தவை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அதே பாத்தியில் நட்டுவந்தால், பச்சையாய் நின்ற செடி திடீரென்று துவண்டு சாயும் பாக்டீரியா வாடல் நோய் அம்மண்ணிலேயே நிலைகொண்டுவிடும். ஆதலால் அவற்றின் பின்னே கொத்தவரையையோ தட்டைப்பயற்றையோ விதைத்து மண்ணுக்குத் தழைச்சத்தும் ஓய்வும் அளிப்பது நன்று. ஆனால் வேரில் முடிச்சு கண்ட பாத்தியாயின், நூற்புழு தட்டைப்பயற்றையும் வெண்டையையும்கூட விடாதாகையால், அங்கே ஒரு போகம் துலுக்கச்சாமந்தி நடுவதே உசிதம். பயறு வேர்களில் இயல்பாக உண்டாகும் முண்டுகள் விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், நூற்புழு முடிச்சோ வேரோடு வேராக வீங்கியிருக்கும் என்ற பேதத்தைப் புதியவர்களுக்கு வேரைக் கையில் கொடுத்தே காட்டவேண்டும்.

மேடு சீக்கிரம் காய்வது அதன் ஸ்வபாவம். சித்திரை வெயிலில் மூடாக்கின்றிக் கீரை விதைக்கச் சொல்வது பிறர் உழைப்பை வீணாக்கும் ஆலோசனை. அப்பருவத்துக்குக் கொத்தவரையைச் சொல்லுங்கள், கீரையை ஆடிக்கு ஒத்திவையுங்கள்.